திவாலிலிருந்து விடுபட்டவருக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?

(வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு ஒரு கேள்வியாகவே இருக்கிறது. திவாலிலிருந்து விடுபட்டவருக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா? கிடைக்கும். இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், அதற்குள் நாம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் மக்களிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒருமுறை திவாலாகிவிட்டால் பேங்க் நெகாராவின் கருப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடும், பிறகு ஆயுள் முழுவதும் எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காது என்ற நம்பிக்கை. காப்பிக் கடையில் ஒருவர் சொல்ல, கோவில் வாசலில் இன்னொருவர் சொல்ல, அது வேதவாக்காகிவிட்டது. அப்படி ஒரு கருப்புப் பட்டியல் கிடையாது. இன்னாருக்குக் கடன் கொடு, இன்னாருக்குக் கொடுக்காதே என்று பேங்க் நெகாரா எந்த வங்கிக்கும் பெயர் சொல்லி உத்தரவு போடுவதில்லை. திவாலிலிருந்து விடுபட்டவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த முடிவு ஒவ்வொரு வங்கியின் கையில் இருக்கிறது. ஒரு வங்கி மறுத்தால் எல்லா வங்கியும் மறுத்துவிட்டதாக அர்த்தமில்லை.

இங்கே இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சட்டத்தின் புத்தகம். மற்றொன்று வங்கியின் புத்தகம். நீதிமன்றமோ நொடிப்பு நிலை இலாகாவோ உங்களை விடுவித்தால் முதல் புத்தகத்தில் உங்கள் பக்கம் மூடப்படுகிறது. இரண்டாவது புத்தகத்தில் அது தானாக மூடப்படுவதில்லை. அதை நாம்தான் மாதம் மாதமாக எழுதி நிரப்ப வேண்டும். விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே வங்கிக்குப் போய் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல்தான் போகிறார்கள்.

முதல் புத்தகத்திலிருந்து தொடங்குவோம்.

நமது நாட்டில் 1967ஆம் ஆண்டின் திவால் சட்டம் 2017 அக்டோபர் 6 முதல் பெயர் மாற்றம் பெற்று, 1967 நொடிப்பு நிலைச் சட்டம் என்று வழங்கப்படுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. ஒருவரைத் திவாலாக்குவதற்குத் தேவையான குறைந்தபட்சக் கடன் தொகை ஒரு காலத்தில் 10,000 ரிங்கிட். அது 2003இல் 30,000 ஆனது. 2017இல் 50,000 ஆனது. கோவிட் காலத்தில், 2020இல், 100,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டு அதுவே நிலைத்துவிட்டது. ஆகவே 2005இல் ஒரு பழைய கார் ஏலத்தில் போய், மிச்சமிருந்த 35,000 ரிங்கிட் பாக்கிக்காகத் திவாலாக்கப்பட்ட ஒருவர், அதே பாக்கியோடு இன்று இருந்தால் திவாலாகவே மாட்டார். இதைக் கேட்டு மனம் கசப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கசப்பு நியாயமானதுதான். ஆனால் சட்டம் மாறியதால் பழைய திவால் உத்தரவு தானாக மறைந்துவிடாது. அதிலிருந்து வெளியே வருவதற்கென்று தனி வழி இருக்கிறது.

எத்தனை வழிகள்? கடன் முழுவதையும் கட்டிவிட்டால் நீதிமன்றத்தில் மனுச் செய்து திவால் உத்தரவையே ரத்து செய்யக் கேட்கலாம். நீதிமன்றமே விடுவிப்பு உத்தரவு கொடுக்கலாம். திவாலாகி ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகு நொடிப்பு நிலைத் தலைமை இயக்குநர் தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்கலாம். 2017 திருத்தத்தில் புதிதாக வந்தது தானியங்கி விடுவிப்பு. மூன்று ஆண்டுகள் முடிந்ததும், நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால், கிடைப்பது.

இந்த மூன்று ஆண்டுகள் எந்த நாளிலிருந்து தொடங்குகின்றன என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்ட நாளிலிருந்து அல்ல. நீங்கள் உங்கள் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் எழுதி, நிலைமை அறிக்கை என்ற பாரத்தை இலாகாவில் ஒப்படைத்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மலாயில் 'பெஞ்யாத்தா ஹால் ஏவால்' என்று இருக்குமே, அந்தப் பாரம்தான்.

நம்மவர்கள் செய்வது என்ன? கடிதம் வந்தால் பிரிப்பதில்லை. பழைய முகவரிக்கு வந்திருந்தால் இன்னும் வசதி, வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். இலாகா பக்கம் போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். ஆகவே போவதே இல்லை. ஆண்டுகள் போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் மட்டும் அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகத்தான் சொல்கிறேன். கார் கடனும் தனிநபர் கடனும் சேர்ந்து 58,000 ரிங்கிட். 2018இல், அவருடைய 44ஆவது வயதில், திவால் உத்தரவு வந்துவிட்டது. அப்போதே இலாகாவுக்குப் போய்ப் பாரத்தைக் கொடுத்து, அவர்கள் நிர்ணயித்த பங்குத் தொகையை மாதாமாதம் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கையும் கொடுத்து வந்திருந்தால் 2021இல், 47 வயதில், வெளியே வந்திருப்பார். ஆனால் அவர் பயந்துகொண்டு 2021இல்தான் இலாகாவின் படியேறினார். அதனால் 2024இல், 50 வயதில் விடுதலை. இந்த மூன்று ஆண்டுத் தாமதத்தின் விலை என்ன என்பதைப் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இவரை மறந்துவிடாதீர்கள்.

பழைய வழக்குகளுக்கும் புதிய வழக்குகளுக்கும் விதிகள் ஒன்றல்ல. 2023 அக்டோபரில் மேலும் ஒரு திருத்தம் நடப்புக்கு வந்தது. மருத்துவச் சான்று பெற்ற மனநோயாளிகள், பணம் கட்ட இயலாத நிலையில் இருக்கும் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆகியோரின் விடுவிப்புக்குக் கடன் கொடுத்தவர் ஆட்சேபம் தெரிவிக்க முடியாது என்று அதில் சேர்த்தார்கள். ஊனமுற்றோருக்கும், கடும் நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு 2017இலேயே வந்துவிட்டது. ஆகவே வீட்டில் இப்படிப்பட்ட அப்பாவோ தாத்தாவோ திவாலான நிலையில் இருந்தால், 'இனி என்ன, போகிற காலத்தில்' என்று விட்டுவிடாமல் இலாகாவில் போய்க் கேளுங்கள். உங்கள் வழக்கு எந்தப் பிரிவில் வருகிறது என்பதைக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி சொல்வார். காப்பிக் கடையில் கேட்க வேண்டாம்.

விடுவிப்பு கிடைத்தாலும் சில கடன்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய கடன், மோசடியால் ஏற்பட்ட கடன் போன்றவை விடுவிப்போடு போய்விடுவதில்லை. வருமான வரி பாக்கி இருந்தால் அது பாக்கிதான். அதைவிட நம் குடும்பங்களை வதைப்பது உத்தரவாதம் போட்டவரின் நிலை. கடன் வாங்கியவர் விடுபட்டாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட்ட தம்பியோ மைத்துனரோ அந்தக் கையெழுத்திலிருந்து விடுபடுவதில்லை. வாங்கிய அண்ணன் சுத்தமாகிவிட்டார், கையெழுத்துப் போட்ட தம்பியின் பெயரில் கடன் நிற்கிறது. தீபாவளிக்குக்கூட முகம் பார்க்காமல் போன சகோதரர்கள் எத்தனை பேர்! ஒரு சிறிய ஆறுதல் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு, சொந்த உபயோகத்துக்கான வாகனம், கல்விக் கடன் ஆகியவற்றுக்கு லாப நோக்கமில்லாமல் உத்தரவாதம் கொடுத்தவரை 2017 திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. ஆனால் திவாலாக்க முடியாது என்பதற்கும் கடன் இல்லை என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்தத் தம்பி வீடு வாங்கப் போகும் நாளில் அது குறுக்கே வந்து நிற்கலாம்.

இனி வங்கியின் புத்தகம்.

நீங்கள் வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டதும் வங்கி அதிகாரி மூன்று இடங்களில் பார்ப்பார். முதலாவது, நொடிப்பு நிலை இலாகாவின் பதிவு. இரண்டாவது, பேங்க் நெகாராவின் கடன் தகவல் முறை, நாம் 'சிக்ரிஸ்' என்று சொல்வது. மூன்றாவது, சிடிஓஎஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கை. இவை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று நடப்பவை. வழக்கு விவரங்கள், திவால் விவரங்கள் பெரும்பாலும் இங்கேதான் அதிகாரியின் கண்ணில் படும்.

விடுவிப்பு கிடைத்த தகவல் இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. இலாகாவின் பதிவில் விடுதலை, தனியார் அறிக்கையிலோ இன்னும் திவால் என்று இருந்தால் உங்கள் மனு அன்றே ஓரங்கட்டப்படும். மேசை மேல் நூறு மனுக்களை வைத்திருக்கும் அதிகாரி, உங்களைக் கூப்பிட்டு 'ஐயா, இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று விசாரிக்க மாட்டார். ஆகவே மனுப் போடும் முன்பே நீங்கள் உங்கள் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாராவின் சிக்ரிஸ் அறிக்கையை இணையம் வழியாக இலவசமாகவே பெறலாம். தனியார் நிறுவனத்தின் அறிக்கையையும் ஒன்று எடுங்கள். பழைய தகவல் இருந்தால் விடுவிப்புச் சான்றிதழ் அல்லது நீதிமன்ற உத்தரவின் உறுதிப்படுத்தப்பட்ட நகலைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். சிக்ரிஸில் பழைய வங்கியின் கணக்கு இன்னும் பாக்கியாகக் காட்டினால், அந்தத் தகவலை அனுப்பிய வங்கிதான் அதைத் திருத்த முடியும். வேறு யாராலும் முடியாது.

'வேறு யாராலும்' என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிக்ரிஸைச் சுத்தம் செய்து தருகிறோம், திவாலானவருக்கும் கடன் நிச்சயம் என்று விளக்குக் கம்பத்திலும் கைத்தொலைபேசியிலும் விளம்பரம் செய்கிறார்களே, அவர்களை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பேங்க் நெகாராவின் கணினிக்குள் கை விட்டுப் பெயரை அழிக்கும் ஆள் எவரும் இல்லை. சில நூறில் தொடங்கிச் சில ஆயிரம் வரை வாங்கிக்கொண்டு, நீங்கள் இலவசமாக எடுக்கக்கூடிய அறிக்கையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சிலர் அதையும் தாண்டி, போலிச் சம்பளச் சீட்டு தயாரித்துக் கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் போலீஸ் நிலையத்தில் நிற்கப் போவது அவர்கள் அல்ல, நீங்கள்.

சிக்ரிஸ் அறிக்கையில் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பூஜ்யம் என்றால் அந்த மாதத் தவணை பாக்கியில்லை. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் அடி விழும், இங்கே வரிசையாகப் பூஜ்யம் வாங்கினால்தான் மரியாதை. வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதிகாரியின் கண் முதலில் போவது அந்தப் பன்னிரண்டு கட்டங்களுக்குத்தான்.

திவாலிலிருந்து விடுபட்டவரின் சங்கடம் என்னவென்றால், அவருடைய கட்டங்களில் கெட்ட எண்களும் இருக்காது, நல்ல எண்களும் இருக்காது. கட்டங்களே இருக்காது. பல ஆண்டுகளாக அவருக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை, அவரும் வாங்கவில்லை. 'நான்தான் இப்போது ஒரு காசு கடன் இல்லாமல் இருக்கிறேனே, இதைவிட நல்ல வாடிக்கையாளர் யார்?' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கி பார்ப்பது கடன் இல்லாத ஆளை அல்ல, கடனைத் திருப்பிக் கட்டும் ஆளை. ஒரு பக்கம் பழைய திவால், மறுபக்கம் வெற்றுக் காகிதம் என்றால் அதிகாரிக்குத் தைரியம் வராது.

ஆகவே, விடுவிப்புக்குப் பிறகு முதல் வேலை வீடு தேடுவதல்ல. அந்தக் கட்டங்களை நிரப்புவது. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டால், கையில் காசு இருந்தாலும் ஒரு பகுதியை வங்கித் தவணையில் வாங்கலாம். வைப்புத்தொகையை ஈடாக வைத்துக்கொண்டு கடன் அட்டை கொடுக்கும் வங்கிகளும் உண்டு. அந்த அட்டையில் மாதம் ஒருமுறை பெட்ரோல் போட்டு, பில் வந்ததும் முழுவதையும் கட்டிவிட வேண்டும். வட்டியே வராது, ஆனால் கட்டம் நிரம்பும். ஒன்று கவனியுங்கள். எல்லாத் தவணையும் சிக்ரிஸில் ஏறுவதில்லை. மரச்சாமான் கடையில் தவணைக்கு வாங்கிய சோபா அங்கே தெரியாமல் போகலாம். வாங்கும் முன், 'இது சிக்ரிஸில் வருமா?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கட்டாமல் விட்ட தொலைபேசி பாக்கி மட்டும் எப்படியோ தனியார் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது வேறு விஷயம்.

பன்னிரண்டு மாதங்கள் என்பது குறைந்தபட்சம். இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் போனால் நல்லது என்பது என் கருத்து. அதற்குள் சம்பளம் ரொக்கமாகக் கையில் வாங்குகிறவர்கள் வங்கிக் கணக்கு வழியாக வாங்கப் பழகுங்கள். ஊழியர் சேமநிதி சந்தா ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். 'வரி கட்டாமல் இருக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டினேன்' என்று பெருமையாகச் சொல்லும் சிறு வணிகர்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அதே குறைந்த வருமானத்தைத்தான் காட்ட முடியும். சம்பளச் சீட்டே இல்லாத சந்தை வியாபாரிகள், டாக்சி ஓட்டுநர்கள் போன்றவர்களுக்காக அரசாங்கம் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதிலும் வங்கிதான் பரிசீலிக்கும் என்பதால் நான் இதுவரை சொன்ன எல்லாம் அங்கேயும் பொருந்தும்.

முன்பு எந்த வங்கியின் கடனால் திவாலானீர்களோ அந்த வங்கியின் கதவை முதலில் தட்ட வேண்டாம். சட்டம் மறந்தாலும் அவர்களுடைய சொந்தக் கோப்பு மறக்காது. அதேபோல் ஒரே வாரத்தில் ஏழு வங்கிகளுக்கு மனுப் போடாதீர்கள். பரிசீலனையில் இருக்கும் மனுக்கள் எல்லாமே சிக்ரிஸில் தெரியும். ஏழு இடத்தில் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் வங்கிக்குச் சந்தேகம் வரும். இரண்டு வங்கி போதும். இன்னொன்று, மனுப் பாரத்தில் 'நீங்கள் எப்போதாவது திவாலானதுண்டா?' என்ற கேள்வி இருந்தால் உண்மையை எழுதுங்கள். எப்படியும் அவர்கள் கண்டுபிடிக்கப் போகிறார்கள். என்ன நடந்தது, எப்போது விடுபட்டீர்கள், இப்போது நிலை என்ன என்று ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, விடுவிப்புச் சான்றிதழின் நகலோடு இணைத்துக் கொடுங்கள். நோயினால் வந்த கடனா, கம்பெனி மூடியதால் வேலை போனதா, அதை மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பும்போது உங்களுக்காகப் பேச அவருக்கும் நாலு வார்த்தை கிடைக்கும்.

இப்போது நமது லாரி ஓட்டுநரிடம் திரும்புவோம்.

2013 முதல் வீட்டுக் கடனின் காலம் 35 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதோடு, பெரும்பாலான வங்கிகள் கடனாளியின் 70 வயதுக்குள் கடன் முடிந்துவிட வேண்டும் என்று பார்க்கின்றன. முதல் வீட்டுக்கு விலையில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கலாம். வீட்டின் விலை 300,000 ரிங்கிட் என்றால் கடன் 270,000. வட்டியை 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 35 வயதுக்காரர் 35 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 1,195 ரிங்கிட் கட்டுவார். 47 வயதில் விடுபட்டவருக்கு 23 ஆண்டுகள், மாதம் சுமார் 1,498. 50 வயதில் விடுபட்டவருக்கு 20 ஆண்டுகள், மாதம் சுமார் 1,636. கட்டங்களை நிரப்பும் காலத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

லாரி ஓட்டுநருக்குக் கைக்கு வரும் சம்பளம் 3,800, மோட்டார் சைக்கிள் தவணை 210 என்று வைத்துக்கொள்வோம். 47 வயதில் வந்திருந்தால் அவருடைய தவணைகள் சம்பளத்தில் 45 விழுக்காடு. 50 வயதில் வந்தால் 49 விழுக்காடு. சம்பளத்தில் எத்தனை விழுக்காடு வரை கடனுக்குப் போகலாம் என்பதற்கு ஒவ்வொரு வங்கியும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. பழைய திவால் பதிவு உள்ளவருக்கு அந்த எல்லையில் சலுகை காட்ட மாட்டார்கள். இலாகாவின் படியேறப் பயந்த மூன்று ஆண்டுகள் மாதத்துக்கு 138 ரிங்கிட்டாக இருபது ஆண்டுகள் கூடவே வருகின்றன. சில சமயம் கடனே கிடைக்காமல் போவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு சரிவரவில்லை என்றால் என்ன செய்வது? வீட்டின் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது முன்பணத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு வழி இருக்கிறது. திவால் காலத்திலும் ஊழியர் சேமநிதியில் உள்ள உங்கள் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது, சட்டம் அதைப் பாதுகாத்திருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து அந்தக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதில் செஜாத்ரா கணக்கில் இருப்பதை வீடு வாங்க எடுக்கலாம். பதினைந்து இருபது ஆண்டுகள் ஒழுங்காகச் சந்தா ஏறியவருக்கு அது ஒரு நல்ல தொகையாக இருக்கும். 90 விழுக்காட்டுக் கடன் கேட்பதை விட்டு 75 விழுக்காடு கேட்டால் வங்கியின் முகமே மாறும்.

வைப்புப் பணம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். புதிய தாமானில் மாதிரி வீட்டைப் பார்த்ததும் மனைவிக்குப் பிடித்துவிடும், பிள்ளைகள் அறையைப் பங்கு போட்டுவிடுவார்கள், விற்பனைப் பெண் 'இன்றைக்கே புக்கிங் கட்டினால்தான்' என்பார். வாங்கல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வீடமைப்பு நிறுவனம் புக்கிங் பணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, வருமானம் போதாத காரணத்தால் கடன் மறுக்கப்பட்டு, அதற்கு ஆதாரமும் காட்டினால், நிறுவனம் விலையில் 1 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அரசாங்கம் வகுத்த ஒப்பந்தப் படிவத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே எழுதியிருப்பது வருமானத் தகுதியின்மை. வருமானம் போதும், பழைய திவால் பதிவுதான் தடை என்று வங்கி மறுத்தால், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்திடாதீர்கள். முதலில் வங்கியில் கேளுங்கள், பிறகு மாதிரி வீட்டைப் பாருங்கள். பழைய வீட்டைத் தனிநபரிடமிருந்து வாங்குவதானால், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற வரியை முகவர் கொடுக்கும் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். வாய் வார்த்தையாக 'அதெல்லாம் கிடைச்சிடும் அண்ணே' என்று சொல்வது கணக்கில் சேராது.

நேயர்கள் சிலர் முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளை நெறியாளர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஒருவர் கேட்கிறார்: நான் இன்னும் திவாலிலிருந்து விடுபடவில்லை, மனைவி பெயரில் வீடு வாங்கலாமா? உங்கள் மனைவி திவாலானவர் அல்லர். அவருக்கு வேலை இருந்து, அவருடைய வருமானம் மட்டுமே கடனுக்குப் போதுமானால் அவர் தாராளமாக வாங்கலாம். அது அவருடைய வீடு. ஆனால் மனைவி பெயரில் வாங்கிவிட்டு, முன்பணத்தை நீங்கள் மறைவாகக் கொடுப்பது வேறு. விடுபடாத காலத்தில் உங்களுக்கு வரும் சொத்து தலைமை இயக்குநரின் பொறுப்பில் போகும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இலாகாவுக்கு உரிமை உண்டு. நீங்கள் திவால் என்பதை மறைத்து உங்கள் பெயரில் கடன் வாங்குவது குற்றமே ஆகும். ஆகவே எதைச் செய்தாலும் இலாகாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கடன் தொல்லை ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது, இன்னும் வழக்கு வரவில்லை என்கிற மற்ற நேயர்கள் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வட்டி முதலையிடம் போகும் வழியில் அதையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாமே!

இரண்டாவது கேள்வியை ஓர் இளைஞர் அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பா திவாலானவர். தாம் இப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, அப்பாவின் திவால் தம்முடைய வீட்டுக் கடனைப் பாதிக்குமா என்று கேட்கிறார். பாதிக்காது தம்பி. திவால் என்பது அப்பாவின் அடையாள அட்டை எண்ணில் ஏறியிருப்பது. அது மகனுக்கு வாரிசாக வருவதில்லை. அப்பாவின் கடன் எதற்காவது நீங்கள் உத்தரவாதம் போட்டிருந்தாலோ, உங்கள் பெயரில் அப்பா கார் வாங்கி ஓட்டியிருந்தாலோதான் சிக்கல். அப்படி எதுவும் உண்டா என்று நினைவில்லை என்றால் உங்கள் சிக்ரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் கையெழுத்து இல்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால், அதை எடுத்துக்கொண்டு முதலில் அந்த வங்கிக்குப் போங்கள். இல்லாவிட்டால், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போகலாம்.